முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழித்தால்?

விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் ஒவ்வொரு ஆண்டும் இந்த வரி கண்ணில் பட்டுவிடும்: ∞ − ∞ = 0. எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நன்றாகப் படிக்கிற மாணவர்கள். ஒன்றிலிருந்து அதையே கழித்தால் பூச்சியம் என்று சின்ன வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை நம்பி எழுதிவிடுகிறார்கள். மதிப்பெண்ணைக் குறைக்கும்போது எனக்கும் கொஞ்சம் உறுத்தும். எண்கள் உட்காரும் இடத்தில் ∞ என்ற குறியை எழுதி எழுதி, அதையும் ஒரு எண்ணாக நம்ப வைத்தது எங்களைப் போன்ற ஆசிரியர்கள்தானே. குறி 1655இல் ஜான் வாலிஸ் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. குழப்பம் அதைவிடப் பழையது.

“நினைத்தே பார்க்க முடியாத அளவுக்குப் பெரிய எண்” என்று விளக்குவார்கள். அதுவும் உதவாது. எவ்வளவு பெரிய எண்ணைச் சொன்னாலும் அதோடு 1 கூட்டி அடுத்த எண்ணுக்குப் போய்விடலாம். எல்லைக் கணக்குகளில் “முடிவிலியை நோக்கிச் செல்கிறது” என்றால், நாம் எந்த எண்ணைக் கோடாகக் கிழித்தாலும் தொடர்முறை (வரிசையாக வந்துகொண்டே இருக்கும் எண்கள்) ஒரு கட்டத்தில் அதைத் தாண்டும், பிறகு அதற்குக் கீழே இறங்காது என்று பொருள். அவ்வளவுதான். போய்ச் சேர ஓர் இடம் அங்கே இல்லை.

இப்போது 6, 7, 8, 9… என்ற தொடர்முறையிலிருந்து 1, 2, 3, 4… என்பதை உறுப்புக்கு உறுப்பு கழியுங்கள். எப்போதும் 5. அடுத்து 1, 4, 9, 16… என்ற வர்க்கங்களிலிருந்து அதே 1, 2, 3, 4… ஐக் கழியுங்கள்: 0, 2, 6, 12… வித்தியாசமும் கட்டில்லாமல் வளர்கிறது. இரண்டிலும் அவசரத்துக்கு ∞ − ∞ என்றுதான் எழுதத் தோன்றும். விடை ஒன்றில் 5, மற்றதில் விடையே அகப்படவில்லை. ஆக, ∞ − ∞ என்று மட்டும் எழுதினால் கேள்வி பாதிதான் கேட்கப்பட்டிருக்கிறது. எந்த முடிவிலி, எந்த வழியில் வளர்ந்தது என்று தெரியாமல் கணக்கு நகராது.

இது தேர்வுக்கான நுணுக்கம் என்று நினைப்பவர்களுக்கு நான் காட்டுவது ஒரு தொடரை. 1 − 1/2 + 1/3 − 1/4 + 1/5 − … இதன் கூடுதல் 2இன் இயல் மடக்கை, ஏறத்தாழ 0.693. அதே எண்களை வரிசை மாற்றி, ஒரு கூட்டல் உறுப்புக்கு இரண்டு கழித்தல் உறுப்புகள் என்று அடுக்குங்கள்: 1 − 1/2 − 1/4 + 1/3 − 1/6 − 1/8 + … எந்த எண்ணும் விடுபடவில்லை, எதுவும் இரண்டு முறை வரவில்லை. கூடுதல் மட்டும் சரிபாதியாகி 0.347க்கு அருகில் நின்றுவிடும்! முதல் முறை பார்க்கிறவர்கள் நான் எங்கோ ஏமாற்றிவிட்டதாகவே நினைப்பார்கள். கூட்டல் உறுப்புகளை மட்டும் சேர்த்தால் கட்டில்லாமல் வளரும், கழித்தல் உறுப்புகளும் அப்படியே. உள்ளே ஒளிந்திருப்பது அந்த ∞ − ∞தான். இப்படிப்பட்ட தொடரை வரிசை மாற்றி, விரும்பிய எந்த மெய்யெண்ணையும் (எண்கோட்டில் உள்ள எந்த எண்ணையும்) விடையாக வரவழைக்கலாம் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே கணிதவியலாளர் ரீமான் நிறுவிவிட்டார்.

(1 + 2 + 3 + … = −1/12 என்ற காணொளியைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. ராமானுஜன் 1913இல் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் அது இருப்பது உண்மை. ஆனால் அங்கே “கூடுதல்” என்ற சொல்லுக்கே பொருள் வேறு. வழக்கமான பொருளில் அந்தத் தொடருக்குக் கூடுதல் கிடையாது. காணொளிகள் அதைச் சொல்லாமல் தாவிவிடுவதில் எனக்குக் கோபம்தான்.)

சரி, கழிக்க முடியாவிட்டால் போகிறது, ஒப்பிடவாவது முடியுமா? 1638இல் வெளிவந்த நூலில் கலிலியோ இதைத் தொட்டார். 1க்கு 1, 2க்கு 4, 3க்கு 9 என்று ஒவ்வோர் எண்ணுக்கும் அதன் வர்க்கத்தை ஜோடி சேர்க்கலாம், யாரும் தனியாக நிற்க மாட்டார்கள். ஆனால் வர்க்கங்கள் எண்களில் ஒரு சிறு பகுதிதானே? பெரிது, சிறிது, சமம் என்ற பேச்சே முடிவிலிக்குப் பொருந்தாது என்று அவர் நிறுத்திக்கொண்டார். பின்னால் வந்த கணிதவியலாளர் கியார்க் கேன்டர் நிறுத்தவில்லை. மிச்சமில்லாமல் ஜோடி சேர்ந்தால் சமம் என்றே வைத்துக்கொண்டார். அப்புறம் 1874இல், மெய்யெண்களை 1, 2, 3… உடன் அப்படி ஜோடி சேர்க்கவே முடியாது என்று காட்டினார்.

அவர் 1891இல் கொடுத்த மூலைவிட்ட வழியைத்தான் வகுப்பில் சொல்வேன். 0க்கும் 1க்கும் இடைப்பட்ட தசம எண்கள் எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட்டதாக ஒருவர் சொல்கிறார் என்று வையுங்கள். முதல் எண்ணின் முதல் இலக்கம், இரண்டாவதின் இரண்டாம் இலக்கம் என்று சாய்வாகப் பார்த்துக்கொண்டே போங்கள். அங்கே 5 இருந்தால் 6 எழுதுங்கள், வேறு எது இருந்தாலும் 5 எழுதுங்கள். உருவாகும் எண் முதல் எண்ணிலிருந்து முதல் இலக்கத்தில் வேறுபடும், ஆயிரமாவது எண்ணிலிருந்து ஆயிரமாவது இலக்கத்தில் வேறுபடும். பட்டியலில் அது எங்கும் இருக்க முடியாது.

இந்த இடத்தில் ஒரு கை தவறாமல் உயரும்: “விட்டுப்போன எண்ணைப் பட்டியலில் முதலாவதாகச் சேர்த்துவிட்டால்?” நல்ல கேள்வி. சேர்த்துக்கொள்ளுங்கள், புதிய பட்டியலில் மறுபடி சாய்வாகப் போவோம், இன்னொன்று விடுபட்டிருக்கும். எத்தனை பேர் வந்து ஒட்டுப்போட்டாலும் இதே கதை.

ஆக மெய்யெண்களின் முடிவிலி, 1, 2, 3… என்ற எண்களின் முடிவிலியைவிடப் பெரியது. இந்த இரண்டு முடிவிலிகளுக்கும் இடையே இன்னொரு அளவு உண்டா என்று கேன்டரே கேட்டார். இருக்கிறது என்று நிறுவ முடியாது என 1940இல் கோடல் காட்டினார், இல்லை என்றும் நிறுவ முடியாது என 1963இல் பால் கோஹன் காட்டினார், கணக் கோட்பாட்டின் (கணங்களைப் பற்றிய கணிதத்தின்) வழக்கமான அடிக்கோள்களை, அதாவது நிறுவாமலே ஏற்றுக்கொள்ளும் அடிப்படை விதிகளை, வைத்துக்கொண்டு. இதைச் சொல்லி முடித்ததும் வகுப்பில் வரும் கேள்வி: “அப்போ தேர்வில் வந்தால் என்ன எழுதுவது சார்?”