ஒக்சிஜன் பெட்டிக்குள் படுத்தால் கால் தப்புமா?

“யூடியூப்ல பார்த்தோம் டொக்டர், அந்த ஒக்சிஜன் பெட்டிக்குள்ள படுக்க வச்சா அப்பாவோட காலை வெட்டத் தேவையில்லையாமே?” சீனி வருத்தத்தால் காலில் ஆறாத புண் வந்தவர்களுக்காகத் தோட்டத்துப் பிள்ளைகள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சிலருக்கு உதவும், எல்லோருக்கும் இல்லை. விசாரிக்காமல் நகையை அடகு வைத்துவிடாதீர்கள்.

பெட்டிக்குள் அழுத்தத்தைக் கடல்மட்டத்தில் இருப்பதைவிட இரண்டு, இரண்டரை மடங்கு வரை ஏற்றி, சுத்தமான ஒக்சிஜனைச் சுவாசிக்க விடுகிறார்கள். நம் இரத்தச் சிவப்பணுக்கள் சாதாரணமாகவே ஒக்சிஜனால் ஏறக்குறைய நிரம்பித்தான் இருக்கும், அதனால் கூடுதலாக வருவது இரத்தத்தின் நீர்ப்பகுதியில் கரைந்து, ஓட்டம் குறைந்த இடத்துக்கும் எட்டுகிறது. (நுவரெலியாவின் மலைக்காற்றே போதாதா என்பவர்களுக்கு: காற்று சுத்தம்தான், ஆனால் 1,868 மீற்றர் உயரத்தில் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு.) ஒரு தடவைக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம், கால் புண்ணுக்கு 20 முதல் 40 தடவை. றம்பொடை இறக்கத்தில் பஸ்ஸில் காது அடைக்குமே, அது உள்ளேயும் வரும், எச்சில் விழுங்கினால் விடும். போன், லைட்டர் மட்டுமல்ல, தலைக்கு எண்ணெய்கூட வைக்கக்கூடாது, ஒக்சிஜன் நிறைந்த இடத்தில் நெருப்பு பிடித்தால் தப்ப முடியாது.

கடலில் ஆழத்துக்கு முக்குளித்துவிட்டுச் சட்டென மேலே வருபவர்களின் உடலில் உண்டாகும் வாயுக் குமிழ்களுக்கு இதுதான் முக்கிய வைத்தியம். நமக்கு நெருக்கமானது வேறு. குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்து ஜன்னலைச் சாத்திப் படுப்பவர்களைத் தாக்கும் காபன் மொனொக்சைட் நச்சு. இரத்தத்தில் அது பாதியாகக் குறைய சாதாரணக் காற்றில் 4, 5 மணி நேரம் ஆகும், மாஸ்க் ஒக்சிஜனில் ஒன்றேகால் மணி, மூன்று மடங்கு அழுத்தத்தில் அரை மணிக்கும் குறைவு. ஆனால் பெட்டியைத் தேடி நேரத்தைப் போக்காமல், ஆளை வெளியே தூக்கிவந்து, பக்கத்து ஆஸ்பத்திரியில் உடனே மாஸ்க் போட வையுங்கள்.

சரி, சீனி வருத்தக்காரரின் கால்? புண் ஆழமாகி எலும்பு வரை போய், ஒரு மாதம் ஒழுங்காகக் கழுவிக் கட்டியும் தேறாதவர்களுக்குத்தான் இதை யோசிப்போம். அதுவும் மற்ற வைத்தியத்தோடு சேர்த்து. பெரிய இரத்தக்குழாய் அடைத்திருந்தால் முதலில் அதைத் திறக்க வேண்டும். உள்ளே இருக்கும்போது சீனி இறங்கவும் கூடும், நெஞ்சுக்குள் காற்றுக் கசிவு உள்ளவரை விடவே கூடாது.

ஒருவர் காலுறையைக் கழற்றியபோது குதிகாலில் தேயிலைக் குச்சி ஏறியபடியே இருந்தது. “வலிக்கலையே டொக்டர்” என்றார். உணர்ச்சி செத்த கால் அப்படித்தான். மலையிலிருந்து இறங்கியதும் அட்டை பார்க்கிறீர்கள் இல்லையா, அப்போதே டோர்ச் அடித்து உள்ளங்காலையும் பாருங்கள், அல்லது பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.