மிதக்கும் விடுதி ஏன் குதிப்பதில்லை?

“நடுக்கடல் எண்ணெய் மேடைகளில் வேலை செய்பவர்கள் இரவில் எங்கே படுக்கிறார்கள்? கப்பலில் என்றால் அலையில் தூக்கம் வருமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பெரும்பாலான மேடைகளில் தங்கும் அறைகள் உண்டு. ஆனால் பெரிய பராமரிப்பு வேலை தொடங்கினால் நூற்றுக்கணக்கானோர் கூடுதலாக வருவார்கள். அத்தனை பேருக்கும் கட்டில் இருக்காது. அப்போது மேடைக்குப் பக்கத்தில் ‘ஃப்ளோட்டல்’ எனும் மிதக்கும் விடுதியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். சமையலறை, மருத்துவ அறை, ஹெலிகாப்டர் தளம் எல்லாம் அதில் இருக்கும். நங்கூரங்களோ, கணினி இயக்கும் உந்திகளோ அதை நகராமல் பிடித்துக்கொள்ளும்.

சாதாரணக் கலம் அலையில் ஏன் குதிக்கிறது? மூழ்கிய பகுதி விலக்கும் நீரின் எடையே மிதப்பு விசை என்ற ஆர்க்கிமிடீஸ் விதி பள்ளியில் படித்ததுதான். 100 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு பெட்டி வடிவக் கலத்தைச் சுற்றி நீர்மட்டம் 1 மீட்டர் ஏறினால், சுமார் 2,000 டன் எடைக்கு நிகரான மிதப்பு விசை கூடுகிறது. கலம் எழும்பாமல் என்ன செய்யும்?

அதனால் கடுமையான கடல்களில் ‘செமி சப்மெர்சிபிள்’ எனும் அரைமூழ்கு கலங்களே தங்குமிடமாகின்றன. நீருக்கடியில் பான்டூன் எனப்படும் நீண்ட வெற்று மிதவைகள், அவற்றின்மேல் தூண்கள், தூண்களின்மேல் வீடு. தலா 10 மீட்டர் விட்டத்தில் ஆறு தூண்கள் என்றால், நீர்மட்டத்தில் மொத்தப் பரப்பு 470 சதுர மீட்டர்தான். அதே 1 மீட்டர் ஏற்றத்துக்கு 500 டன்கூடக் கூடாது.

மிதவைகளை ஆழத்தில் வைப்பதற்கும் காரணம் உண்டு. ஆழ்கடலில் 10 நொடி அலையின், அதாவது 10 நொடிக்கு ஒரு முகடு வரும் அலையின், நீளம் சுமார் 156 மீட்டர். அந்த அலையில் நீர்த்துளிகள் வட்டமடிக்கின்றன. 20 மீட்டர் ஆழத்துக்குள் அந்த வட்டம் பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். 7 நொடி அலையென்றால் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

இனிமேல்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். அலை முகடு கலத்தைக் கடக்கும் கணத்தை மட்டும் நிறுத்திப் பாருங்கள். தூண்கள் கூடுதலாக நனைகின்றன. மேல்நோக்கி ஒரு விசை. அதே கணத்தில் கீழே மிதவையைச் சுற்றியுள்ள நீர், தன் வட்டப் பாதையின் உச்சியில் இருக்கிறது. வட்டத்தில் சுற்றும் எதற்கும் முடுக்கம் மையத்தை நோக்கித்தானே? உச்சியில் மையம் கீழே. ஆகவே நீர் மிதவையைக் கீழே இழுக்கிறது. ஒரே அலை, ஒரே கணம், எதிரெதிர் விசைகள்! குறுகிய அலைகளில் மிதவையின் கை ஓங்கும். மிக நீண்ட அலைகளில் தூணின் கை ஓங்கும். இடையில் ஒரு குறிப்பிட்ட அலைவுக் காலத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தூணின் தடிமன், மிதவையின் பருமன், மூழ்கும் ஆழம் ஆகியவற்றை மாற்றி, அந்தக் காலம் எங்கே விழ வேண்டும் என்பதைப் பொறியாளரே தீர்மானிக்கலாம். அலையின் விசையை அலையைக் கொண்டே அடக்கும் இந்தக் கணக்கைப் போல் அழகானது கப்பல் கட்டும் கலையில் வேறொன்று எனக்குத் தெரியாது.

கலத்தைப் பழைய மட்டத்துக்குத் திருப்பும் மீள்விசை குறைவென்பதால், அது தானாக ஒருமுறை ஏறி இறங்க எடுக்கும் இயல்பான அலைவுக் காலமும் 20 நொடியைத் தாண்டிவிடும். கடலலைகள் பெரும்பாலும் 5 முதல் 15 நொடிக்குள் அடங்குபவை. இரண்டும் ஒரே தாளத்தில் சேர்ந்து ஆட்டம் பெருகும் ஒத்ததிர்வுக்கு வாய்ப்புக் குறைவு. இந்த நிதானம் கண்ணில் பட்ட கதையும் உண்டு. மெக்சிகோ வளைகுடாவில் ‘புளூ வாட்டர் ரிக் 1’ எனும் துளையிடும் கலம், கடல்தரையில் உட்காருவதற்காகக் கட்டப்பட்டது. பாதி மூழ்கிய நிலையில் இழுத்துச் செல்லும்போது அது அதிகம் ஆடவில்லை என்பதைக் கவனித்துத்தான், 1961இல் அதை மிதக்கவிட்டே துளையிடத் தொடங்கினார்கள்.

இதற்கு விலையும் உண்டு. நீர்மட்டப் பரப்பு குறைவென்பதால் ஏற்றும் எடை ஒவ்வொன்றும் கலத்தைச் சட்டென்று தாழ்த்தும். கடல்நீரை ஏற்றி இறக்கிக் கலத்தின் எடையைச் சமன்செய்யும் அடிநீர்த் தொட்டிகளை ஓயாமல் சரிசெய்ய வேண்டும். ஒரு தூண் போனால் பேராபத்து. 1980 மார்ச் 27 அன்று வடகடலின் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயலில், தங்குமிடமாகப் பயன்பட்ட ‘அலெக்சாண்டர் கீலாண்ட்’ கலத்தின் ஐந்து தூண்களில் ஒன்று முறிந்தது. கலம் கவிழ்ந்து, இருந்த 212 பேரில் 123 பேர் இறந்தனர். தாங்கு குழாய் ஒன்றில் ஒலியுணர் கருவிக்காகப் போட்ட சிறு பற்றவைப்பில் தொடங்கிய விரிசலே காரணம் என்று விசாரணை காட்டியது. ‘கடல் கொண்டுபோன விதி’ என்று சொல்லிக் கைகழுவியிருந்தால் அந்த விரிசல் கண்ணில் பட்டிருக்காது. திரும்பத் திரும்ப விழும் சுமையால் உலோகம் விரிசல் விடும் ‘உலோக அயர்ச்சி’ பற்றிய ஆய்வுக்கும் அலைத்தொட்டிச் சோதனைகளுக்கும் உடனடி லாபம் கேட்காமல் பொதுப்பணம் தர வேண்டும் என்று நான் வாதிடுவது இதனால்தான்.

காலையில் வேலைக்குப் போக, விடுதிக்கும் மேடைக்கும் இடையே நீளவும் சுருங்கவும் கூடிய ஒரு பாலம் இருக்கிறது. கலம் நகர்ந்து பாலத்தின் நீளம் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கை ஒலிக்கும். ஆட்கள் அதில் ஏற அனுமதியில்லை. எல்லையைத் தாண்டும் முன் பாலத்தை மேடையிலிருந்து தூக்கிவிடுவார்கள். அன்றைய வேலை கடல் அடங்கும்வரை காத்திருக்கும்.