மருத்துவ வரலாறு ஒலிநூலாகும் விதம்

வில்லியம் ஆஸ்லர் என்னும் கனடிய மருத்துவர் 1913 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவத்தின் வரலாறு குறித்துத் தொடர் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். எகிப்து, பாபிலோனியா ஆகிய நாடுகளின் தொல் மருத்துவத்தில் தொடங்கி, கிரேக்கர், அரேபியர், மறுமலர்ச்சிக் கால உடற்கூற்றியலாளர் வழியாக நோய்த்தடுப்பு முயற்சிகள்வரை செல்லும் அந்த உரைகள் அச்சேறும் முன்பே போர் குறுக்கிட்டது. 1919 டிசம்பரில் ஆஸ்லரும் மறைந்தார். நண்பர்கள் சிலர் மெய்ப்புப் பார்த்து முடித்த பிறகு, 1921இல்தான் ‘நவீன மருத்துவத்தின் பரிணாமம்’ என்னும் பெயரில் ஆங்கில நூலாக அவை வெளிவந்தன. அதன் முழு உரையும் இன்று குட்டன்பர்க் திட்டத்தின் மின்னூலகத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

லத்தீன் மேற்கோள்களும் கிரேக்கப் பெயர்களும் அடிக்குறிப்புகளும் நிறைந்த இத்தகைய நூலை, ஒருவரையொருவர் நேரில் பார்த்திராத, ஊதியம் பெறாத, குரல் பயிற்சி இல்லாத பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒலிநூலாக்கிவிட முடியும் என்றால் எளிதில் நம்பத் தோன்றாது. ஆனால் 2005 ஆகஸ்டில் ஹியூ மெக்குவயர் என்பவர் மான்ட்ரியல் நகரிலிருந்து தொடங்கிய லிப்ரிவாக்ஸ் திட்டம், இதே முறையில் 20,000க்கும் மேற்பட்ட ஒலிநூல்களை உருவாக்கியிருக்கிறது. (ஆஸ்லர் மருத்துவம் பயின்றதும், அவர் சேகரித்த மருத்துவ வரலாற்று நூல்கள் இன்று இருப்பதும் அதே நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் என்பது தற்செயல்தான்.) பங்கேற்பவர்களின் ஆர்வமே இதற்குக் காரணம் என்று சொல்லிவிடலாம். ஆர்வம் வேண்டியதுதான்; எனினும், எதைப் பிழையாகக் கொள்வது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்பதைத் திட்டம் மிகக் குறுக்கமாக வரையறுத்து வைத்திருப்பதே அதை இத்தனை ஆண்டுகள் ஓட வைத்திருக்கிறது என்பது என் கணிப்பு.

முதலில் பார்க்க வேண்டியது பதிப்புரிமை. அமெரிக்கச் சட்டத்தின்படி பழைய நூல்களுக்கு, வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் கழிந்ததும் பதிப்புரிமை நீங்குகிறது. 1921இல் வெளியான நூலுக்கு அந்தக் கவலை எப்போதோ தீர்ந்துவிட்டது. இந்தியாவில் கணக்கு வேறு: ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். திட்டம் பின்பற்றுவது அமெரிக்கச் சட்டத்தை என்பதால், பிற நாடுகளில் இருந்து வாசிப்பவர் தம் நாட்டுச் சட்டத்தையும் தாமே சரிபார்த்துக்கொள்வது நல்லது. ஆஸ்லரைப் பொறுத்தவரை இரண்டு கணக்கிலும் தடையில்லை.

அடுத்து, நூல் ஒருங்கிணைப்பாளர் என்னும் பொறுப்பை ஏற்பவர் உரையைத் துண்டுகளாகப் பிரிக்கிறார். ஆஸ்லரின் நூலில் ஆறே இயல்கள். ஒவ்வொன்றும் ஒரே மூச்சில் வாசிக்க முடியாத அளவுக்கு நீளமானது. ஆங்கிலத்தில் நிதானமாக வாசிப்பவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 சொற்களைக் கடப்பார் என்று வைத்துக்கொண்டால், அரைமணி நேரத் துண்டுக்கு 4,500 சொற்கள் வரும். ஹிப்போகிரட்டிஸ் ஒரு துண்டு, கேலன் இன்னொரு துண்டு, வெசாலியஸ் மற்றொன்று என உள்தலைப்புகளை ஒட்டிப் பிரித்தால், கேட்பவருக்கும் குரல் மாறும் இடம் உறுத்தாது. துண்டுகள் ஒன்றையொன்று சார்ந்திராததால், எவரும் எந்தத் துண்டையும் எந்த வரிசையிலும் பதிவு செய்யலாம். ஒருவர் பாதியில் விலகினாலும் அவருடைய துண்டு மட்டுமே மீண்டும் காலியாகும்.

புதிதாக வருபவர் ஒரு நிமிட மாதிரிப் பதிவை அனுப்ப வேண்டும். அதில் சோதிக்கப்படுவது கருவியும் அறையும் கோப்பின் அமைப்பும்தான். குரல் இனிமையாக இருக்கிறதா, உச்சரிப்பு எந்த நாட்டுச் சாயலில் இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. கருவியிலும் கூடப் பெரும்பாலானோர் எதிர்பார்ப்பதுபோல் மைக்கின் விலை முதல் இடம் பெறுவதில்லை. வாயிலிருந்து மைக்குக்கு நேராக வரும் ஒலி, தொலைவு இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபல் குறைகிறது. சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலியோ அறை முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவில் பரவியிருப்பதால் அவ்வளவாகக் குறைவதில்லை. எனவே மைக்கிலிருந்து விலக விலக, குரலைவிட அறைதான் அதிகம் பதிவாகிறது. மின்விசிறியின் இரைச்சல் சீரானது. பேச்சில்லாத சில விநாடிகளை மாதிரியாகக் கொடுத்தால், மென்பொருள் அதன் அலைவரிசைப் பாங்கைக் கணித்து ஓரளவு நீக்கிவிடும். எதிரொலி அப்படிப்பட்டதன்று. அது பேசுபவரின் குரலே சற்றுத் தாமதித்து வருவதால், குரலையும் சிதைக்காமல் அதைப் பிரித்தெடுப்பது கடினம். துணி அடுக்கிய அலமாரியின் முன்னாலும் போர்வைக்கு அடியிலும் அமர்ந்து தன்னார்வலர்கள் பதிவு செய்வது இதனால்தான். மைக்கை மிக நெருங்கினாலோ ‘ப’ போன்ற வெடிப்பொலிகளின் காற்று அதில் மோதி ‘டொப்’பென்று கேட்கும், மைக்கைச் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் அது பெருமளவு தீரும்.

வாசிக்கும்போது பிழை நேராமல் இருக்காது. ‘அஸ்கிலீப்பியஸ்’ என்னும் கிரேக்க மருத்துவக் கடவுளின் பெயரில் நாக்கு புரண்டால், அனுபவம் உள்ள வாசிப்பாளர் பதிவை நிறுத்துவதில்லை. ஒருமுறை கைதட்டிவிட்டு, அந்த வாக்கியத்தின் தொடக்கத்துக்குத் திரும்பி மீண்டும் வாசிக்கிறார். ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் பதிவு அலைவடிவமாகத் தெரியும்போது, கைதட்டிய இடம் நெட்டுக்குத்தான முள்ளாக நின்று, வெட்ட வேண்டிய இடத்தைத் தேடாமலேயே காட்டிவிடும். சொல்லை மட்டும் திருத்தாமல் வாக்கியம் முழுவதையும் ஏன் மீண்டும் வாசிக்க வேண்டும்? ஒரு வாக்கியத்துக்குள் குரலின் சுருதி தொடர்ச்சியாக ஏறி இறங்குகிறது; நடுவே ஒரு சொல்லை ஒட்டினால் அந்தத் தொடர்ச்சி முறிவதைக் காது உடனே கண்டுகொள்ளும். வாக்கியங்களுக்கு இடையிலோ சுருதி இயல்பாகவே புதிதாகத் தொடங்குவதால், அங்கே போடும் ஒட்டு தெரிவதில்லை.

பத்துப் பேரின் பதிவுகளை ஒரே நூலாகக் கேட்கையில் பெரிதும் எரிச்சலூட்டுவது ஒலி அளவு மாறுவதுதான். ஒரு துண்டில் காதை அடைக்கும், அடுத்ததில் முணுமுணுக்கும். அலைவடிவத்தின் உச்சத்தை அளந்து சமப்படுத்தலாம் என்று தோன்றும். ஆனால் ஒரே ஒரு இருமல் உச்சத்தை எங்கோ கொண்டுபோய்விடும். சராசரியை எடுத்தாலோ, நெடிய இடைவெளி விட்டு வாசிப்பவரின் சராசரி, மௌனங்களால் தாழ்ந்துவிடும். ரீப்ளேகெயின் என்னும் முறை இந்தச் சிக்கலைத் தீர்க்கும் விதம் அழகானது. அது பதிவை ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்கு, அதாவது 50 மில்லிவிநாடி நீளமுள்ள சிறு கூறுகளாக வெட்டி, மனிதக் காதின் உணர்திறனுக்கு ஏற்ப எடையிட்டு, ஒவ்வொரு கூறின் ஆற்றலையும் கணக்கிடுகிறது. காது மிக நுட்பமாகக் கேட்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை என்பதால் அதற்குக் கூடுதல் மதிப்பு. பின்னர் எல்லாக் கூறுகளையும் ஆற்றலின்படி வரிசைப்படுத்தி, கீழிருந்து 95 விழுக்காட்டில் இருக்கும் மதிப்பை அந்தப் பதிவின் ஒலி அளவாகக் கொள்கிறது. மௌனங்கள் கீழே போய்விடுகின்றன, இருமல் மேலே நின்றுவிடுகிறது, பேச்சு அளவிடப்படுகிறது. லிப்ரிவாக்ஸ் தன் பதிவுகள் எல்லாம் இந்த அளவுகோலில் 89 டெசிபலை ஒட்டி இருக்க வேண்டும் என்கிறது.

கோப்பின் அமைப்பும் வரையறுக்கப்பட்டதே: 44.1 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதம், ஒற்றைத் தடம், விநாடிக்கு 128 கிலோபிட் எம்பி3. விநாடிக்கு 44,100 முறை மாதிரி எடுத்தால் அதன் பாதியான 22,050 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைப் பதிவு செய்யலாம். மனிதச் செவியின் மேல் எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். சுருக்காமல் 16 பிட்டாக வைத்தால் அரைமணி நேரத் துண்டு 159 மெகாபைட் பிடிக்கும்; எம்பி3யாக அது 29 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு வலுவான ஒலி, அலைவரிசையில் தனக்கு அருகிலிருக்கும் மெல்லிய ஒலிகளைக் காதுக்குக் கேட்காமல் மறைத்துவிடும். அந்த மெல்லிய ஒலிகளுக்குக் குறைந்த இடம் ஒதுக்குவதாலேயே இந்தச் சேமிப்பு கிடைக்கிறது. ஆயினும் ஒருமுறை சுருக்கியதை விரித்துத் திருத்தி மீண்டும் சுருக்கினால் இழப்பு கூடும். அதனால் தொகுப்பு வேலையெல்லாம் சுருக்காத கோப்பிலேயே நடந்து, எம்பி3யாக்குவது கடைசியில் வருகிறது.

பதிவேறிய துண்டு மெய்ப்புக் கேட்பவரிடம் போகிறது. அவர் நூலின் உரையைக் கண்முன் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டு, விடுபட்ட வரி, இருமுறை வந்த வாக்கியம், நாய் குரைத்த இடம், அளவுக்கு மீறிய மௌனம் ஆகியவற்றை நிமிடமும் விநாடியும் குறித்து எழுதுகிறார். ‘இன்னும் உணர்ச்சியோடு வாசித்திருக்கலாம்’ என்று அவர் எழுத மாட்டார். அது அவர் வேலைக்குள் வராது. மருத்துவ வரலாற்றில் இந்த வரையறை கடுமையாகச் சோதிக்கப்படுகிறது. பாரசீக மருத்துவர் இப்ன் சினா என்னும் பெயரின் லத்தீன் வடிவமான அவிசென்னாவை இரண்டு வாசிப்பாளர்கள் இரண்டு விதமாக உச்சரித்தால், இருவரும் மீண்டும் பதிவு செய்வதில்லை. அடிக்குறிப்புகளை வாசிப்பதா விடுவதா என்பதை மட்டும், நூல் முழுதும் ஒரே மாதிரி இருக்கும்படி ஒருங்கிணைப்பாளர் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுவது நல்லது. இல்லையெனில், வெசாலியஸின் உடற்கூற்று நூல் வெளியான 1543ஆம் ஆண்டைப் பற்றிய குறிப்பு ஒரு குரலில் வரும், ஹார்வி இரத்த ஓட்டத்தை விளக்கிய 1628ஆம் ஆண்டைப் பற்றியது அடுத்த குரலில் காணாமற்போகும்.

வாசிப்பாளருக்கு எழும் மிகப் பெரிய சபலம் வேறொன்று. ஆஸ்லர் பேசியபோது பனாமா கால்வாய் இன்னும் திறக்கப்படவில்லை. அங்கே கொசுக்களை ஒழித்து மஞ்சள் காய்ச்சலைக் கட்டுப்படுத்தியதை அவர் சமகாலச் செய்தியாகவே சொல்கிறார். உட்சுரப்பிகளைப் பற்றியும் அவர் பேசுகிறார். ஆனால் நீரிழிவுக்கு மருந்தான இன்சுலின் டொராண்டோவில் பிரித்தெடுக்கப்பட்டது, நூல் வெளியான அதே 1921இல்தான். தவறென்று இன்று அறியப்பட்ட ஒரு கருத்து பக்கத்தில் வரும்போது, மருத்துவம் அறிந்த வாசிப்பாளருக்கு ஒரு விளக்கச் சொல்லையேனும் சேர்த்துவிடக் கை துறுதுறுக்கும். விதி அதற்கு இடம் தருவதில்லை. உரையில் உள்ளது உள்ளபடி வாசிக்கப்பட வேண்டும். ‘இருக்கிறது’ என்பதை அவர் ‘இருந்தது’ என்று மாற்றி வாசித்தால், மெய்ப்புக் கேட்பவர் அதையும் விநாடியோடு குறித்துத் திருப்பி அனுப்பலாம். எல்லாத் துண்டுகளும் தேறிய பிறகு கோப்புகள் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் இணைய நூலகத்தில் ஏற்றப்படுகின்றன. வாசித்தவர்கள் தங்கள் பதிவின் மீதான உரிமையையும் விட்டுக்கொடுத்துவிடுவதால், அதை எவரும் கேட்கலாம், படியெடுக்கலாம், விற்கவும் செய்யலாம்.