முகவாதம் என்று எழுதுங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் புல் வெட்டும் அக்கா ஒருவருக்கு ஒருநாள் காலை வரக்கோப்பி வாயோரம் வழிந்தது, வலக்கண் மூடவில்லை. கிளினிக்கில் கொடுத்த தமிழ்த் தாளில் 'முகப் பக்கவாதம்' என்றிருந்தது. இனிக் கை கால் வராது என்று மகன் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுவிட்டான். பெரிய ஆஸ்பத்திரியில் அவர் காதுக்குள்ளிருந்து இடுக்கியால் எடுத்தது, ரத்தம் குடித்து உப்பிய ஓர் உண்ணி.

இந்த 'முகப் பக்கவாதம்' எத்தனை தாளில் வந்துவிட்டது! 'பேரலிசிஸ்' என்றால் பக்கவாதம் என்று அகராதியில் பார்த்து, முன்னால் ஒரு 'முக' ஒட்டிவிடுகிறார்கள். முகத்தில் ஒரு பக்கம்தானே என்பார்கள். பக்கவாதத்தில் உள்ள 'பக்கம்' உடம்பில் பாதி. ஒரு கையும் ஒரு காலும் விழுந்துபோவதைத்தான் நம் ஜனங்கள் அந்தச் சொல்லில் கேட்கிறார்கள். போலியோ இளம்பிள்ளை வாதம். அதை இளம்பிள்ளைப் பக்கவாதம் என்று எவராவது எழுதியதுண்டா? உண்ணி பரப்பும் லைம் நோயில் சிலருக்கு முகத்தின் இரு பக்கமும் தளரும். அதை என்னவென்று எழுதுவார்கள், இருபக்கப் பக்கவாதம் என்றா?

முகவாதம் போதும். வாதம், காற்றைக் குறிக்கும் வடசொல்தான். கீல்வாதம், முடக்குவாதம் என்று நம் வீட்டுச் சொல்லாகி எவ்வளவோ காலமாயிற்று. முகமுடக்கம் என்று மாற்றச் சொல்லும் தனித்தமிழ் நண்பர்களை மதிக்கிறேன். ஆனால் முடங்குவது மடங்கிச் சுருளுவது. இங்கே முகம் தொய்கிறது. அதைவிட நம் ஆயாக்களின் 'வாய் கோணிப் போச்சு' எவ்வளவோ தெளிவு.

மூளையிலிருந்து வந்து முகத்தை அசைக்கும் ஏழாவது நரம்பு காதருகே குறுகலான எலும்புக் குழாய் வழியே வருகிறது. அது பழுதுபட்டால் முகத்தின் அந்தப் பக்கம் தளர்ந்துவிடும். காதில் புகுந்த உண்ணியால் முகவாதம் வந்ததை மலேசியாவிலிருந்து 1996இலேயே லான்செட் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். முகவாதத்தில் தளர்ந்த பக்கத்து நெற்றியும் சுருங்காது. பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றி தப்பிவிடும். அதை வீட்டில் நாமே தீர்மானிக்கக் கூடாது, வாய் கோணினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அதே தாளில் காரணங்களில் ஒன்றாக 'பூச்சிக்கடி' என்றும் இருந்தது. எந்தப் பூச்சி? உண்பது உண்ணி; மாட்டுண்ணி, நாயுண்ணி தெரியாத பிள்ளை தோட்டத்தில் இல்லை. உண்ணி என்று எழுதியிருந்தால், மூன்று நாளாகக் காது குறுகுறுத்ததை அக்கா அங்கேயே சொல்லியிருப்பார்.