ஸ்டீல் கிராவல் சைக்கிள்: ஸ்டிக்கருக்குத் தரும் காசு எங்கே போகிறது?

குறைந்த விலையில் ஸ்டீல் கிராவல் சைக்கிள் (சரளைக்கல் பாதைகளில் ஓட்டுவதற்கானது) தேடினால் முதலில் கண்ணில் படுவது ஃபிரேமில் இருக்கும் ஸ்டிக்கர். ஒன்றில் ஹை-டென் என்ற மலிவு ஸ்டீல், இன்னொன்றில் 4130 க்ரோமோலி என்ற குரோமியமும் மாலிப்டினமும் சேர்ந்த ஸ்டீல், விலை கூடியதில் டபுள் பட்டட், அதாவது முனைகளில் தடித்து நடுவில் மெலிந்த குழாய். க்ரோமோலி என்றால் குலுங்காது என்று பலர் நம்பி வாங்குகிறார்கள். அது சரியில்லை.

விறைப்பு வேறு, வலிமை வேறு. சுமை ஏற்றினால் ஒரு குழாய் எவ்வளவு வளைகிறது என்பது விறைப்பு. எவ்வளவு சுமையில் திரும்ப நிமிராமல் கோணிப்போகிறது என்பது வலிமை. விறைப்பில் மலிவு ஸ்டீலும் உயர்ந்த ஸ்டீலும் ஏறக்குறைய ஒன்றுதான், சுமார் 200 கிகாபாஸ்கல். குரோமியமும் மாலிப்டினமும் சேரும்போது கூடுவது வலிமை. ஒரே விட்டம், ஒரே தடிமன் என்றால் ஹை-டென் குழாயும் க்ரோமோலி குழாயும் ஒரே அளவுதான் வளையும்.

அப்புறம் எதற்கு க்ரோமோலி? வலிமை கூடினால் குழாயின் சுவரை மெலிதாக்கலாம், எடை குறையும். வெல்டிங் வைக்கும் முனைகளில்தான் சூடும் பளுவும் அதிகம் என்பதால் அங்கே 0.8 மி.மீ., நடுவில் 0.5 மி.மீ. என்று இழைப்பதுதான் டபுள் பட்டட். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர ரெனால்ட்ஸ் நிறுவனம் 1897-லேயே காப்புரிமை பெற்ற உத்தி இது.

குலுக்கலைத் தாங்குவது பெரும்பாலும் டயருக்குள் இருக்கும் காற்று. இரண்டு முக்கோணங்களாகக் கட்டிய ஃபிரேம் மேலும் கீழுமாக மிகக் கொஞ்சமே அசையும், 40 மி.மீ. டயரோ குறைந்த காற்றழுத்தத்தில் ஒவ்வொரு கல்லுக்கும் அமுங்கிக் கொடுக்கும். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து எம்போரியா ஊரில் 2006-இல் தொடங்கிய பெரிய கிராவல் பந்தயம், ஃபிளின்ட் ஹில்ஸ் குன்றுகளின் கூரான சிக்கிமுக்கிக் கற்கள் மேல்தான் போகிறது. அங்கே ஓட்டுபவர்கள் ஸ்டீலின் பெயரைவிட டயரைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். ஆகவே கடையில் நான் முதலில் கேட்கச் சொல்வது: இந்த ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) எவ்வளவு அகல டயர் நுழையும்? 45 மி.மீ. என்றால் தாராளம்.

அடுத்து, ஸ்டிக்கர் எந்தக் குழாய்களுக்குப் பொருந்தும் என்று பாருங்கள். சில மலிவு மாடல்களில் முன் முக்கோணம் மட்டும் க்ரோமோலி. பின்பக்கமும் ஃபோர்க்கும் ஹை-டென். அதில் ஆபத்தில்லை, எடைதான் கூடும். டிஸ்க் பிரேக், ஃபோர்க்கின் ஒரு காலை மட்டும் பலமாக இழுக்கும். அதைத் தாங்க ஃபோர்க்கைத் தடிமனாகச் செய்கிறார்கள், அதனால் முன்பக்கம் இன்னும் விறைப்பாகிறது. அங்கேயும் கைகொடுப்பது அகல டயர்தான்.

ஸ்டீலின் உண்மையான பெருமை அதன் ஆயுளில் இருக்கிறது. ஓர் அளவுக்குக் கீழான பளு எத்தனை லட்சம் முறை வந்தாலும் ஸ்டீல் சோர்ந்து விரிசல் விடாது. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை இல்லை. அதனால்தான் அதைத் தாராளமான தடிமனில் செய்கிறார்கள். ஸ்டீலின் எதிரி துரு, அதுவும் குழாயின் உட்புறத்தில் வருவது. புதிய சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் சீட் போஸ்ட்டை உருவி, உள்ளே துரு தடுப்பு எண்ணெய் அடித்துவிடுங்கள்.