பழைய கார் ஏன் பெட்ரோல் குடிக்கிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பன்னிரண்டு வருஷமாக ஓட்டும் பெட்ரோல் கார். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது, இப்போது 12ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. ஆயில் மாற்றியாயிற்று, ஏர் ஃபில்டர் மாற்றியாயிற்று. 'வண்டிக்கு வயசாயிடுச்சு சார், அப்படித்தான் இருக்கும்' என்கிறார் மெக்கானிக். வயசானால் இன்ஜின் கூடுதலாகக் குடிக்குமா?"

கொஞ்சம் குடிக்கும். பிஸ்டன் ரிங் தேயும், அழுத்தம் கசியும். ஆனால் மைலேஜில் நாலில் ஒரு பங்கு காணாமல் போனதற்கு வயதின் மேல் பழி போடுவது சோம்பேறித்தனம். எங்கேயோ ஒரு கோளாறு உட்கார்ந்திருக்கிறது, அதைத் தேடிப் பிடிக்க முடியும்.

முதலில் இழப்பு நிஜம்தானா என்று பாருங்கள். டேங்கை முழுக்க நிரப்பி, ஓட்டி, மறுபடி முழுக்க நிரப்பிக் கணக்குப் போடுவதுதான் நம்பகமான வழி. பழையதைவிடப் பெரிய டயர் மாட்டியிருந்தால் ஓடோமீட்டரே தூரத்தைக் குறைத்துக் காட்டும். எத்தனால் கலந்த பெட்ரோலும் கொஞ்சம் மைலேஜைத் தின்னும். லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால், 10 சதவீதக் கலப்புக்கு ஏறக்குறைய 3 சதவீதம் போகும். டயரில் காற்று சரியாக இருக்கட்டும். ஓட்டி நிறுத்தியதும் நான்கு சக்கரங்களுக்குப் பக்கத்திலும், தொடாமல், கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்த பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே வருகிறது.

ஏர் ஃபில்டர் விஷயத்தில் ஒரு வார்த்தை. மைலேஜுக்காக அதை மாற்றுவது, பெட்ரோலைக் காற்றோடு கலந்துவிடும் பழைய பாகமான கார்புரேட்டர் காலத்து அறிவுரை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர் வைத்த கார்களில் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்து ஓட்டிப் பார்த்தார்கள். வேகம் எடுப்பதுதான் மந்தமானது, மைலேஜ் அசையவில்லை. உள்ளே வரும் காற்று குறைந்தால் இன்ஜினை நடத்தும் கணினி பெட்ரோலையும் அதற்கேற்பக் குறைத்துவிடுகிறது.

எவ்வளவு குறைப்பது என்று அந்தக் கணினிக்கு எப்படித் தெரிகிறது? இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு அவசரமாக மற்றதையெல்லாம் தாண்டி வந்தேன்.

ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். இந்த விகிதத்தைப் பிடிக்க, கணினி எரிந்து வெளியேறும் புகையை விசாரிக்கிறது. புகைக்குழாயில் திருகியிருக்கும் விரல் நீளச் சாதனம்தான் ஆக்சிஜன் சென்சார். அதன் உள்ளே, மூடிய முனையுள்ள சிறு குப்பி போன்ற ஒரு பீங்கான்: யிட்ரியா சேர்த்த சிர்கோனியா. அதன் உட்புறம் வெளிக்காற்று, வெளிப்புறம் புகை, இரண்டு பக்கமும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு.

இந்தப் பீங்கானுக்கு ஒரு விசித்திர குணம். ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால், ஆக்சிஜன் அயனிகள் (மின்னேற்றம் பெற்ற ஆக்சிஜன் அணுக்கள்) அதன் உடம்புக்குள்ளேயே ஊர்ந்து போகும். எலக்ட்ரான்களுக்கு மட்டும் வழி கிடையாது. ஆக்சிஜன் நிறைய இருக்கும் பக்கத்திலிருந்து குறைவான பக்கத்துக்கு அயனிகள் நகரப் பார்ப்பதால் இரு பூச்சுகளுக்கும் நடுவே மின்னழுத்தம் பிறக்கிறது. அதன் அளவை ஜெர்மன் வேதியியலாளர் வால்டர் நெர்ன்ஸ்ட்டின் சமன்பாடு சொல்கிறது: 600 டிகிரியில், இரு பக்க ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதம் பத்து மடங்கு கூடும்போதெல்லாம் சுமார் 43 மில்லிவோல்ட் ஏறும். புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால் 0.1 வோல்ட்கூட வராது. பெட்ரோல் சற்றே கூடிவிட்டால், மிச்ச ஆக்சிஜனைப் பிளாட்டினம் எரித்துத் தீர்த்துவிட, அழுத்தம் சட்டென்று 0.9 வோல்ட்டுக்குத் தாவும். அந்த 0.9ஐ 43 மில்லிவோல்ட்டால் வகுத்துப் பாருங்கள். வெளிப்பக்க ஆக்சிஜன், உள்பக்கத்தில் இருப்பதை 1க்குப் பின்னால் இருபது சைபர் போட்ட எண்ணால் வகுத்த அளவுக்கும் கீழே போயிருக்கிறது! சாலையில் குலுங்கிக்கொண்டு, கரி படிந்த குழாயில் இருந்தபடி இதைச் சொல்கிறது அந்தப் பீங்கான்.

நெர்ன்ஸ்ட் 1889இல் அந்தச் சமன்பாட்டை எழுதினார். 1897இல் இதே வகைப் பீங்கானில் ஒரு மின்விளக்கு செய்தார். குளிர்ந்த நிலையில் அதில் மின்சாரம் பாயாது, முதலில் சூடாக்க வேண்டும். டங்ஸ்டன் பல்பு வந்ததும் அந்த விளக்கு வழக்கொழிந்தது. 1976இல் பாஷ் நிறுவனம் செய்த ஆக்சிஜன் சென்சார் வோல்வோ காரில் ஏறியது, அதுவும் மைலேஜுக்காக இல்லை, புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி சரியாக வேலை செய்வதற்காக. "இந்த ஆராய்ச்சியால் யாருக்கு என்ன பயன்?" என்று கேட்டு நிதியை வெட்டுகிறவர்களுக்கு இந்த எண்பது வருஷக் கதையைச் சொல்ல ஆசைதான். ஆனால் அவர்கள் மூன்று வருஷத்துக்கு மேல் கணக்குப் பார்ப்பதில்லை.

இனி கோளாறுக்கு வருவோம். சென்சார் பார்ப்பது ஆக்சிஜனை மட்டும்தான். பெட்ரோலை அது நேரடியாக அறியாது. ஒரு ஸ்பார்க் பிளக் சரியாகப் பொறி விடவில்லை என்று வையுங்கள். அந்த சிலிண்டரின் பெட்ரோலும் ஆக்சிஜனும் எரியாமல் அப்படியே புகைக்குழாய்க்கு வருகின்றன. இத்தனை பெட்ரோலையும் பிளாட்டினப் பூச்சால் எரித்து முடிக்க முடியாது, ஆகவே சென்சார் கண்ணில் ஆக்சிஜன்தான் படுகிறது. "காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை" என்று தகவல் போகிறது. கணினியும் நல்ல சிலிண்டர்களுக்கும் சேர்த்துக் கூடுதல் பெட்ரோலை ஊற்றுகிறது. சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் சின்ன விரிசல் இருந்தாலும் இதே கதை. புகை விட்டு விட்டுத் துடிப்பாக வருவதால், இரண்டு துடிப்புகளுக்கு நடுவே வெளிக்காற்று விரிசல் வழியாக உள்ளே உறிஞ்சப்படுகிறது.

இதைக் கண்டுபிடிக்க, டாஷ்போர்டுக்கு அடியில் உள்ள சாக்கெட்டில் செருகும் ஸ்கேனர் போதும். ஃப்யூயல் டிரிம் என்றொரு எண்ணை அது காட்டும்: வழக்கமான அளவைவிட எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கணினி கூட்டுகிறது, குறைக்கிறது என்று. பத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை; தேட வேண்டிய இடம் பிரேக், டயர் பக்கம். பிளஸ் 20 என்று நின்றால் ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் உண்மையிலேயே காற்று கூடுதலாக நுழைந்திருக்கலாம், கணினி அதை ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது. முனையில் மை போலக் கரி அப்பியிருந்தால் முரண்பாடு. பெட்ரோல் போதவில்லை என்கிறது சென்சார், மிதமிஞ்சி எரிந்திருக்கிறது என்கிறது பிளக். நான் பிளக்கைத்தான் நம்புவேன். அடுத்து விரிசல், அப்புறம் சென்சார் என்று பாருங்கள். எடுத்த எடுப்பில் சென்சாரை மாற்றிவிடாதீர்கள்.

நெர்ன்ஸ்ட் விளக்கைப் போலவே சென்சாருக்கும் சூடு வேண்டும் என்பதால் உள்ளே ஒரு ஹீட்டர் கம்பி உண்டு. அது அறுந்தால், புகையே பீங்கானைச் சூடாக்கும்வரை கணினி உத்தேசமாகத்தான் பெட்ரோல் விடும். இன்ஜின் சூடேறும்வரை குளிர்விக்கும் நீரைத் தடுத்து வைக்கும் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டாலும் இன்ஜின் சூடேறாது. "இன்னும் குளிராகத்தான் இருக்கிறது" என்று கணினி தாராளம் காட்டும். நெடுஞ்சாலையிலும் வெப்பமானி முள் வழக்கமான இடத்துக்கு ஏறவில்லை என்றால் இதைச் சந்தேகியுங்கள்.

பெட்ரோல் குழாயில் காந்தம் கட்டினால் மைலேஜ் கூடும் என்று யாராவது சொன்னால் காசைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். பெட்ரோல் காந்தத்துக்கு மசியும் பொருளே இல்லை. கையில் திருஷ்டிக் கயிறு கட்டுவதாவது மலிவு.

கோளாறு சரியான பிறகும் கணினி தன் பழைய திருத்தத்தைக் கொஞ்ச நாள் நினைவில் வைத்திருக்கும். ஸ்கேனரில் அழிக்கலாம், இல்லையென்றால் ஓட ஓடத் தானே மாற்றிக்கொள்ளும். ஆகவே முதல் டேங்கை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து கணக்கு வையுங்கள்.