தூணில் பெயர் இருக்கிறது, சரி. அடியில் தாத்தா இல்லை

போன வாரம் குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. பெரியவர் மஞ்சப்பையிலிருந்து ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். அதில் பாதிக்கு மண். "எங்க தாத்தா முனுசாமியோட மண்ணு சார். சிங்கப்பூர்ல அவர் பேர் போட்ட தூண் பக்கத்துல எடுத்தோம்" என்றார். என் மேசைக்கு இந்த வருடத்தில் வந்த மூன்றாவது மண் இது. பொறுமை போய்விட்டது, எழுதுகிறேன்.

ராணுவ ரெகார்ட் ஆபீஸில் 26 வருடம் குப்பை கொட்டியவன் நான். ஓய்வுக்குப் பிறகு, இரண்டு உலகப் போர்களிலும் போய்த் திரும்பாதவர்களின் பெயரைக் குடும்பங்களுக்குத் தேடிக் கொடுக்கிறேன்.

சிங்கப்பூர் கிராஞ்சி போர்க் கல்லறைத் தோட்டத்தில் மூன்று தனித்தனி இடங்கள் இருக்கின்றன. சரிவில் வரிசையாக நிற்கும் வெள்ளைக் கற்கள்தான் கல்லறைகள். அவற்றில் 850-க்கும் மேற்பட்டவை யாருடையவை என்றே தெரியாதவை. மேட்டில், விமான இறக்கை மாதிரி கூரை போட்ட இடத்தில், அகலமான தூண்களில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்களை வெட்டியிருக்கிறார்கள். அதற்குப் பின்னால் ஒரு தகன நினைவுச் சின்னம். அதில் சுமார் 800 பேர், பெரும்பாலும் இந்தியப் படையினர்.

தூணில் இருப்பவர்களுக்கு இன்னாருடையது என்று தெரிந்த கல்லறை கிடையாது. கல்லறை கிடையாது என்பதால்தான் பெயர் தூணுக்கே போனது. மலேயாக் காட்டில் விழுந்தவர், கடலில் மூழ்கிய கப்பலோடு போனவர், கைதி முகாமில் செத்து எங்கே புதைத்தார்கள் என்று தெரியாதவர், எல்லாரும் அங்கே வரிசையில் நிற்கிறார்கள். தூணுக்கடியில் யாரும் இல்லை ஐயா, அஸ்திவாரம்தான் இருக்கிறது.

நமக்கு இது புரியாத சங்கதியா? செங்கம் பக்கம் நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். மாடு மீட்கப் போய் விழுந்தவனுக்கு நட்ட கல். அவன் உடம்பு என்ன ஆனது என்பதை அந்தக் கல்லிடம் யாரும் கேட்பதில்லை. சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்தில் இன்னும் வேடிக்கை. அங்கே முதல் உலகப் போர் நினைவுச் சின்னத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் உண்டு. அவர்களெல்லாம் தொலைந்தவர்கள் இல்லை. இந்தியாவின் பல பகுதிகளில் சிதறிக் கிடக்கும் பழைய ஊர், கன்டோன்மென்ட் கல்லறைகளில் புதைக்கப்பட்டவர்கள். அந்தக் கல்லறைகளைக் காலத்துக்கும் பராமரிக்க முடியாது என்பதால் பெயர்களை இங்கே கொண்டுவந்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "கல்லறை இல்லை" என்றாலே "உடம்பு கிடைக்கவில்லை" என்று பல வீடுகளில் 80 வருடமாக அழுகிறார்கள். நாகாலாந்தின் கோஹிமாவில் 917 இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்கள் தகன நினைவுச் சின்னத்தில் இருக்கின்றன. அவர்களை முறைப்படி எரித்திருக்கிறார்கள். கொள்ளி வைக்க மகன் இல்லைதான். கூட இருந்தவர்கள் இருந்தார்கள்.

சுவரில் பெயர் இல்லை என்றால் செத்திருக்க மாட்டார், நேதாஜி படையில் சேர்ந்து பர்மாவிலேயே தங்கிவிட்டார் என்று ஒரு கதை வரும். முதல் போரில் மெசபடோமியாவுக்கு (இன்றைய ஈராக்) போனவர்களுக்கான பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் இந்தியர்களில் அதிகாரிகளுக்குத்தான் பெயர் வெட்டினார்கள். சிப்பாய்களுக்கு, இன்ன படைப்பிரிவில் இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும். இந்தக் கல்லறைகளையும் நினைவுச் சின்னங்களையும் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021-இல் இந்தப் பாரபட்சத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டுவிட்டது. பெயர் இல்லாததை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். ஆணையத்தின் இணையதளத்தில் தேடக் காசு கிடையாது. அதற்குப் பத்தாயிரம் கேட்கும் ஏஜெண்டை வாசலோடு அனுப்புங்கள். ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு இல்லை என்று சொல்லாதீர்கள். முனுசாமியை முனிசாமி, முனுசுவாமி, மூனூசாமி என்று கிளார்க்குகள் காதில் விழுந்தபடி எழுதினார்கள் (எங்கள் இனம்தான், மன்னியுங்கள்). ஊருக்கு வேலூர் மாவட்டம் என்று போட்டால் வராது, வட ஆற்காடு என்று தேடுங்கள். பழைய கடிதத்தை லேமினேஷன் செய்யாதீர்கள். இறந்த தேதியைப் பார்த்துத் திதி குறிக்காதீர்கள். காணாமல் போனவர்களுக்கு அது பல சமயம் ஆபீஸ் வசதிக்காகப் போட்ட தேதி.

எல்லாவற்றுக்கும் மேல், காலில் விழுந்து கேட்கிறேன், மெடலுக்குப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். இந்தியப் படையினருக்குக் கொடுத்த நட்சத்திர மெடல்களின் பின்பக்கத்தில் அவருடைய ராணுவ எண்ணும் பெயரும் குத்தியிருக்கும். பெயர் ஆயிரம் பேருக்கு இருக்கும், அந்த எண்தான் ஆள்.

குடியாத்தத்துக்காரரும் ஒரு மெடல் கொண்டுவந்திருந்தார். வருடா வருடம் ஆயுத பூஜைக்குப் புளி போட்டுத் துலக்கி, கண்ணாடி மாதிரி இருந்தது. முன்பக்கத்தைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அது பர்மா ஸ்டார். 1942-இல் சிங்கப்பூரில் சண்டை போட்டவருக்குக் கொடுத்தது பசிபிக் ஸ்டார். அப்படியானால் தாத்தாவைத் தேட வேண்டிய இடம் ரங்கூன் பக்கத்தில் டாக்கியான் போர்க் கல்லறைத் தோட்டம், அங்கே கிட்டத்தட்ட 27,000 பெயர்கள் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னம். கிராஞ்சித் தூணில் அவர்கள் போட்டோ எடுத்த முனுசாமி வேறு யாரோ.

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பின்பக்கத்தைப் பார்த்தேன். எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் தேய்ந்து போயிருந்தது. மிச்சத்தை வைத்து ரங்கூன் பட்டியலில் தேடியதில் நாலு பேர் பொருந்துகிறார்கள். நாலில் யார் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பெரியவர் நாலு பெயரையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். பாட்டிலைத் திரும்பப் பைக்குள் வைத்தார். "இந்த மண்ணு யாரு வூட்டுப் புள்ளையுதோ, அதுவும் இருக்கட்டும்" என்றார். வாசல் வரை போய்த் திரும்பி, "மகாளயத்துக்கு அஞ்சு பேருக்கும் சேத்தே எள்ளுந் தண்ணியும் எறைச்சிடறேன் சார்" என்றார்.